அணைக்கக் கூடாத கணினி

தனிநபர் கணினி ஒன்றையும் சர்வர் ஒன்றையும் திறந்து அருகருகே வைத்துப் பார்த்தால், கணக்கிடும் பிராசசர், அது கையாளும் விவரங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் ராம் நினைவகம், அவற்றை நிலையாகச் சேமிக்கும் வட்டு, எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, மின்சாரம் தரும் பவர் சப்ளை என்று இரண்டிலும் பெரும்பாலும் ஒரே உறுப்புகளே தென்படும். சர்வரில் அவை எண்ணிக்கையிலும் கொள்ளளவிலும் கூடியிருக்கக்கூடும் என்பதால், சர்வர் என்றால் பெரிய, விலை உயர்ந்த, வேகமான கணினி என்ற எண்ணம் பரவலாக நிலைத்துவிட்டது. அந்த எண்ணம் பாதி அளவே சரியானது. உண்மையான வேறுபாடு, அந்த இயந்திரம் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்பதில் தொடங்குகிறது. தனிநபர் கணினி தன் முன்னே அமர்ந்திருக்கும் ஒருவருக்காக இயங்குவது. அவர் எழுந்து சென்றுவிட்டால் அதற்கு வேலை இல்லை. சர்வரோ, அது இருக்கும் இடத்தைக்கூட அறியாத பலருக்கு, அவர்கள் எந்த நேரத்தில் கேட்டாலும், கேட்டதைத் தருவதற்காக இயங்குவது. இரட்டை மின்வழி, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகம், திரையோ விசைப்பலகையோ இல்லாத தட்டையான உடல் என்று சர்வரிடம் காணப்படும் தனித்தன்மைகள் எல்லாம் இந்த ஒரு கடமையிலிருந்து கிளைத்தவையே.

கேட்பதும் தருவதுமான இந்த உறவைக் கணினித் துறையினர் கிளையன்ட்–சர்வர் முறை என்கின்றனர். வங்கியின் செயலியைத் திறந்து ஒருவர் தம் கணக்கின் இருப்பைப் பார்க்கும்போது அவருடைய செல்பேசி கேட்கும் இயந்திரமாகிய கிளையன்ட் ஆகிறது; அந்தக் கேள்வியைப் பெற்று, கேட்டவர் உரியவர்தானா என்று சரிபார்த்து, விவரத்தைத் தேடி எடுத்து அனுப்பும் இயந்திரம் சர்வர் ஆகிறது. சர்வரில் ஓடும் மென்பொருளுக்கு முதல் வேலை காத்திருப்பதுதான். வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினிக்கு ஐபி முகவரி என்ற எண் இருப்பதுபோல், அந்த முகவரிக்குள் போர்ட் எனப்படும் வாயில்கள் 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்டுள்ளன. இவை கண்ணுக்குத் தெரியும் துளைகள் அல்ல, வந்து சேரும் தகவல் எந்த மென்பொருளுக்கு உரியது என்று பிரித்து அனுப்புவதற்கான எண்கள் மட்டுமே. பாதுகாப்பான இணையப் பக்கங்களைத் தரும் மென்பொருள் வழக்கமாக 443ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஒரு கணினி மற்றொன்றுக்கு அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் 25ஆம் போர்ட்டில் காத்திருக்கும். இவ்வாறு காத்திருக்கும் மென்பொருள் ஒன்றை எந்தக் கணினியில் ஓட்டினாலும், அந்தப் பணியைப் பொறுத்தவரை அக்கணினி சர்வரே.

இதற்கு உலகளாவிய வலையின் பிறப்பைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜெனீவாவுக்கு அருகே உள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் வலைச் சர்வரை இயக்கியபோது, அதற்கென்று தனியான பேரியந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் மேசைக் கணினி ஒன்றே அந்தப் பணியையும் செய்தது. முதல் வலை உலாவியை அவர் எழுதியதும் அதே கணினியில்தான். ஆகவே அது ஒரே நேரத்தில் ஒருவருடைய சொந்தக் கணினியாகவும் உலகுக்கான சர்வராகவும் இருந்தது. இந்த இரட்டை நிலையின் ஆபத்தை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அதன் உடலில் ஒட்டப்பட்ட தாள் சாட்சியாக இருக்கிறது: இது சர்வர், இதை அணைக்கக் கூடாது என்று அதில் சிவப்பு மையால் கையால் எழுதப்பட்டிருந்தது. மேசைமேல் இருக்கும் கணினியை வேலை முடிந்ததும் அணைப்பது இயல்பு; அந்த இயல்புக்கு இடம் இல்லாத நிலை வந்த கணத்திலேயே, ஒரு திருகாணியும் மாறாமல், அது வேறு வகைப் பொருளாகிவிட்டது.

காலவரிசையில் பார்த்தால் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியே முந்தியது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் செய்துகாட்டிய காலப் பகிர்வு முறையில், ஒரே கணினி பல தட்டச்சு முனையங்களுக்கு மாறி மாறிக் கவனம் செலுத்தியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணினி என்பது 1975இல் ஆல்டேர் 8800 வந்து, 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளியான பிறகே நடைமுறை ஆயிற்று. ஆனால் தனித்தனியாகப் பிரிந்த கணினிகள் அலுவலகத்துக்குள் வந்ததும், ஒரே கோப்பைப் பலர் பார்க்கவும் ஒரே பிரின்டரைப் பலர் பயன்படுத்தவும் வேண்டிய தேவை உடனே எழுந்தது. ஃபிளாப்பி வட்டில் கோப்பை ஏற்றி மேசைக்கு மேசை எடுத்துச் செல்வது நெடுநாள் தாங்கவில்லை. 1983இல் நோவெல் நிறுவனம் வெளியிட்ட நெட்வேர் மென்பொருள், கணினிகளுள் ஒன்றைப் பொதுக் கோப்புக் காப்பாளராக ஆக்கியது. 1989இல் காம்பாக் நிறுவனம், இரண்டு பிராசசர்களையும் வட்டு அடுக்கையும் ஏற்கும் சிஸ்டம்புரோ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, தனிநபர் கணினியின் வம்சத்திலேயே சர்வர் என்ற தனிக்கிளை பிரிந்தது. இன்றைய தரவு மையங்களில் உள்ள பெரும்பாலான சர்வர்கள் அந்தக் கிளையின் வழிவந்தவை.

அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட இரண்டு பிராசசர்கள் காட்டுகின்றன. தனிநபர் கணினிக்கான ரைசன் 9 7950எக்ஸ், சர்வருக்கான எபிக் 9654 ஆகிய இரண்டும் ஒரே ஜென் 4 வடிவமைப்பில், ஒவ்வொன்றிலும் எட்டுக் கோர்கள் கொண்ட ஒரே வகைச் சில்லுகளை இணைத்துச் செய்யப்பட்டவை. கோர் என்பது தனித்து ஒரு வேலையைச் செய்யவல்ல கணக்கிடும் பகுதி. ரைசனில் அத்தகைய சில்லுகள் இரண்டு, ஆகவே 16 கோர்கள். எபிக்கில் பன்னிரண்டு, ஆகவே 96 கோர்கள். ஆனால் வேகத்தில் நிலைமை தலைகீழாகிறது: ரைசனின் ஒரு கோர் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும்போது எபிக்கின் கோர் 3.7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. ஒருவர் ஒளிப்படத்தைத் திருத்துவதற்கோ விளையாடுவதற்கோ ஒரு வேலை மிக விரைவாக முடிவதே பெரிது; ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும் இடத்திலோ, பல வேலைகள் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே சீராக நடப்பதே பெரிது. நினைவகத்துக்குச் செல்லும் வழிகள் ரைசனில் இரண்டாகவும் எபிக்கில் பன்னிரண்டாகவும் இருப்பதற்கும், ஒற்றை எபிக் பிராசசர் 6 டெராபைட் வரை நினைவகத்தை ஏற்பதற்கும் இதுவே காரணம். சர்வர் வாங்கினால் எல்லாம் வேகமாகிவிடும் என்று நம்பி, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வேலைக்கு அதை வாங்குபவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார்.

எண்ணிக்கையைவிட ஆழமான வேறுபாடு நினைவகத்தின் நம்பகத்தில் இருக்கிறது. பொது வாசகர்கள் மிகக் குறைவாகக் கேள்விப்பட்டிருப்பதும் இதைத்தான். கணினியின் நினைவகத்தில் எல்லா விவரங்களும் 0 அல்லது 1 என்ற பிட்களாக, மிக நுண்ணிய மின்னேற்றங்களாக இருக்கின்றன. சில்லின் உறையில் இருந்த கதிரியக்கத் துகள்கள் இந்த மின்னேற்றத்தைக் கலைத்து ஒரு பிட்டைப் புரட்டிவிடக்கூடும் என்று 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் துகள்களும், நினைவகச் சில்லின் தேய்மானமும் அதையே செய்யவல்லவை. 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகராட்சியில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு, கிடைத்திருக்க முடியாத அளவில் 4,096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. 4,096 என்பது 2 என்ற எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது, அதாவது ஒரே ஒரு பிட் 0இலிருந்து 1ஆக மாறினால் கூடும் தொகை. மென்பொருளில் பிழை எதுவும் அகப்படாததால், தானாக நிகழ்ந்த பிட் புரட்டலே காரணமாகக் கருதப்பட்டது.

இத்தகைய பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழியை பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்டிருந்தார். வார இறுதிகளில் ஆள் இல்லாமல் ஓடவிட்ட ரிலே கணினி, பிழையைக் கண்டதும் வேலையைக் கைவிட்டுவிடுவதைப் பார்த்துச் சலித்த அவர், பிழை இருப்பதை அறிய முடிந்த இயந்திரத்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் ஏன் அறிய முடியாது என்று கேட்டுக்கொண்டதிலிருந்து பிறந்தது அந்த வழி. விவரத்தோடு சில சரிபார்ப்புப் பிட்களைச் சேர்த்து எழுதினால், வாசிக்கும்போது அவற்றின் ஒத்திசைவைக் கொண்டு மாறிப்போன பிட்டை இனங்கண்டு திரும்பப் புரட்டிவிடலாம். சர்வர்களில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள இசிசி நினைவகம் ஒவ்வொரு 64 பிட் விவரத்துக்கும் 8 சரிபார்ப்புப் பிட்களைச் சேர்த்து, ஒரு பிட் பிழையைத் திருத்தியும் இரண்டு பிட் பிழையைக் கண்டறிந்தும் செயல்படுகிறது. வாசிப்பவர் எவரும் அறியாமலே திருத்தம் நடந்துவிடுகிறது.

இதில் வருந்தத்தக்க ஒரு வரலாறும் உண்டு. 1981இன் ஐபிஎம் பிசியில் எட்டுப் பிட்டுக்கு ஒரு சரிபார்ப்புப் பிட் இருந்தது. அதனால் பிழையைத் திருத்த முடியாவிட்டாலும் கண்டறிந்து கணினியை நிறுத்திவிட முடிந்தது. 1990களில் விலைப் போட்டி கடுமையானபோது அந்த ஒரு பிட்டும் கைவிடப்பட்டது. அன்றுமுதல் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை, நினைவகப் பிழை நிகழ்ந்தாலும் அதை அறியாமலே தொடர்கின்றன. டிடிஆர்5 வகை நினைவகம் சில்லுக்குள்ளேயே ஓரளவு திருத்தம் செய்துகொள்கிறது என்றாலும், சில்லிலிருந்து பிராசசருக்குச் செல்லும் வழியை அந்தத் திருத்தம் காப்பதில்லை. ஒரு குடும்பத்தின் ஒளிப்படங்களும் ஒரு மாணவரின் ஆய்வேடும் நிறுவனக் கணக்கைவிட மதிப்புக் குறைந்தவை என்று எந்த விதியும் இல்லாதபோது, இந்தப் பாதுகாப்பு சர்வர்களின் தனியுரிமையாகிப் போனது விலைப்பட்டியலின் தீர்ப்பே அன்றித் தொழில்நுட்பத்தின் தீர்ப்பு அல்ல.

இந்தப் பாதுகாப்பின் தேவையைத் தன் அனுபவத்தால் உணர்ந்த நிறுவனம் கூகுள். அதன் தொடக்ககாலப் பொறியாளர்கள் 1999இல் சர்வர் என்ற பெயரில் விற்கப்பட்ட விலை உயர்ந்த இயந்திரங்களைத் தவிர்த்து, சாதாரணத் தனிநபர் கணினியின் உறுப்புகளையே வாங்கி, ஒரே தட்டில் நான்கு மதர்போர்டுகளைக் கார்க் தகட்டின்மேல் பரப்பி, ரேக்குகளில் நெருக்கமாக அடுக்கினர். அத்தகைய அடுக்கு ஒன்று கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அந்த மதர்போர்டுகளின் நினைவகத்தில் பிழை சரிபார்க்கும் வசதி இல்லை. 2000ஆம் ஆண்டில் தேடல் அட்டவணையைப் புதுப்பித்தபோது, சில தேடல்களுக்குத் தொடர்பே இல்லாத பக்கங்கள் விடையாக வருவது சோதனையில் தெரிந்தது. ஆராய்ந்ததில், பழுதடைந்த நினைவகச் சில்லில் ஒரு பிட் மாறாமல் 0இலேயே நின்றுவிட்டதால் அட்டவணை சிதைந்தது கண்டறியப்பட்டது. பிழையைத் தாங்கும் வகையில் மென்பொருளைப் பலப்படுத்தியதோடு, விலை இறங்கியதும் இசிசி நினைவகத்துக்கே நிறுவனம் மாறியது. பின்னர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்களும் அந்த நிறுவனத்தின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் திருத்தத்தக்க நினைவகப் பிழை ஒரு முறையேனும் நிகழ்வதைக் காட்டியது.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சர்வரில் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று சுமையைத் தாங்க, பழுதானதை இயந்திரத்தை நிறுத்தாமலே உருவி மாற்றலாம். மின்சாரம் நின்றால் யூபிஎஸ் மின்கலங்கள் சில நிமிடங்கள் தாங்க, அதற்குள் டீசல் ஜெனரேட்டர் எழுந்துவிட வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988இல் விளக்கிய ரெய்டு முறையில், பல வட்டுகளில் விவரத்தை, அதை மீட்பதற்கான கூடுதல் தகவலோடு பரப்பி எழுதுவதால் ஒரு வட்டு செத்தாலும் விவரம் சாவதில்லை. ஆயினும் ரெய்டு இருப்பதால் தனிப்படி எடுக்க வேண்டியதில்லை என்று நம்புவது பேரிழப்பில் முடியும்: தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு எல்லா வட்டுகளிலிருந்தும் ஒரே நொடியில் அழிந்துவிடும். ரேக்கில் 1யூ என்ற அலகு 44.45 மில்லிமீட்டர் உயரம் மட்டுமே ஆதலால், அந்த அளவில் செய்யப்படும் சர்வருக்குள் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு விசிறிகளே அடங்கும். போதிய காற்றைத் தள்ள அவை மிக வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால் எழும் இரைச்சலைக் கேட்டவர் எவரும் அதைப் படுக்கையறைக்கு அருகே வைக்கத் துணியமாட்டார். மதர்போர்டின்மேல் தனியாக ஒரு குட்டிக் கணினியும் அமர்ந்திருக்கும். முதன்மை இயந்திரம் உறைந்துபோனாலும் அணைந்துகிடந்தாலும் அது விழித்திருந்து, தொலைவில் உள்ள பொறியாளரின் கட்டளைப்படி அதை மீண்டும் எழுப்பும்.

இத்தனை ஏற்பாடுகளும் இயங்காத நேரத்தைக் குறைப்பதற்காகவே. நூற்றுக்கு 99.9 பங்கு இயங்கும் சர்வர் என்று சொன்னால் நிறைவாகத் தோன்றினாலும், ஆண்டில் 8 மணி 45 நிமிடம் அது கிடைக்காது என்பதே அதன் பொருள், 99.999 பங்கு என்றால் அந்த நேரம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே. ஒன்பதுகள் கூடக் கூடச் செலவு பன்மடங்கு ஏறுகிறது. மாவட்ட அலுவலகத்தில் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவருக்கும் நியாய விலைக் கடையில் கைரேகை வைக்கக் காத்திருப்பவருக்கும் சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும்போது, பழுது அந்தச் சர்வரில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை, இடையிலுள்ள இணைப்பிலும் இருக்கலாம். எவ்வாறாயினும் ஒரு நாள் கூலியை இழப்பவர் அவரே என்பதால், இந்த ஒன்பதுகளைப் பொறியாளர்களின் பெருமைக்குரிய எண்ணாக மட்டும் பார்ப்பது தகாது.

உடல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஒரே பொருளைப் பலர் ஒரே நேரத்தில் கேட்கும் சிக்கலை மென்பொருளே தீர்க்க வேண்டும். இந்திய ரயில்வேயின் தட்கல் முன்பதிவு, குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும்போது, எஞ்சியிருக்கும் ஒரே படுக்கையை இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்கக்கூடும். இருக்கையைக் காலி என்று பார்ப்பதையும், அதை ஒருவருக்கு ஒதுக்குவதையும், பணம் வந்ததைப் பதிவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கட்டி, ஒருவருடைய செயல் முடியும்வரை மற்றவரை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையெனில் ஒரே படுக்கைக்கு இரண்டு பயணச்சீட்டுகள் அச்சாகிவிடும். தனிநபர் கணினியின் மென்பொருளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஒரே சர்வரால் பத்தாயிரம் இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்க முடியுமா என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் எழுப்பியபோது, தடை வன்பொருளில் இல்லை, இணைப்புக்கு ஒன்றாகத் தனிச் செயலாக்கம் தொடங்கும் பழைய மென்பொருள் முறையிலேயே இருந்தது. 2004இல் இகோர் சிசோயேவ் பொதுவெளியில் விட்ட என்ஜின்எக்ஸ், சில செயலாக்கங்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்து அந்தத் தடையைக் கடந்தது.

சாதாரணக் கணினி உறுப்புகளைக் கொண்டே சர்வர்களைக் கட்டிய கூகுளின் வழி மற்றொன்றையும் நிறுவியது. 2003இல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, 15,000க்கும் மேற்பட்ட சாதாரணத் தரக் கணினிகளைக் கொண்டு தேடல் சேவை நடந்தது. அவற்றில் ஏதேனும் ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்று, ஒரே விவரத்தைப் பல இயந்திரங்களில் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று பதில் தரும் வகையில் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அணையாதிருக்கும் கடமை இதனால் தனி இயந்திரத்திடமிருந்து கூட்டத்திடம் இடம்பெயர்ந்தது. 2006இல் அமேசான் தொடங்கிய இசி2 சேவைக்குப் பிறகு, ஒரு பெரிய இயந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பகுத்து, தேவையான நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதும் வழக்கமாகிவிட்டதால், சர்வர் என்பது கையால் தொடக்கூடிய ஒரு பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லாமல் போயிற்று.

சிறு அலுவலகங்களில் இன்றும் ஒரு சாதாரணக் கணினியில் கணக்கு மென்பொருளை வைத்து, மற்ற மேசைகளிலிருந்து அதனோடு இணைவதே வழக்கம். ஐந்தாறு பேர் உள்ள இடத்தில் இதில் தவறு இல்லை. தனிநபர்களுக்கான விண்டோஸின் உரிம விதிகள் கோப்புப் பகிர்வு போன்ற பணிகளுக்கு 20 சாதனங்கள் வரையே இணைய அனுமதிக்கின்றன என்பதும், அதே கணினியில் ஒருவர் அமர்ந்து அன்றாட வேலையும் பார்த்தால் அவர் திறக்கும் கெடுநோக்கு மின்னஞ்சல் ஒன்றே எல்லாருடைய கணக்கையும் பூட்டிவிடக்கூடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டியவை. அந்தக் கணினியை எவரும் அன்றாடம் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைப்பதும், ஒரு யூபிஎஸ் இணைப்பதும், இரவுதோறும் வேறிடத்தில் ஒரு படி எடுப்பதும் விலை உயர்ந்த சர்வர் வாங்குவதற்கு முன் செய்யத்தக்கவை.

அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அக்கணினி பதில் தர வேண்டுமானால் சிக்கல் வேறு. ஐபி முகவரிகளின் பழைய முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே இருப்பதால், இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னே வைக்கின்றன. உள்ளிருந்து வெளியே கேட்பதற்கு இது தடையல்ல. வெளியிலிருந்து வரும் கேள்வி எந்த வீட்டுக்கு உரியது என்றுதான் தெரியாது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இந்தத் தட்டுப்பாட்டைப் போக்கினாலும், வீடுகளில் உள்ள ரவுட்டர்கள் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைப் பாதுகாப்புக்காக வழக்கமாக மறித்தே விடுகின்றன. இந்தியாவில் சிறு நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தைச் சொந்தக் கணினியிலிருந்து தராமல், மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுப்பதற்கு, நிலையான மின்சாரத்தோடு, எங்கிருந்தும் எட்டக்கூடிய நிலையான முகவரி ஒன்று அதனுடன் சேர்ந்து வருவதும் ஒரு முக்கியக் காரணம்.